விண்ணப்பத்தில் அப்பா

ஐப்பசி 9, புதன். இரவு.

ஆவடி டிப்போ குமாஸ்தா வேலைக்கு நாளை கடைசி நாள். நான் எழுதிய விண்ணப்பத்தைப் பூந்தமல்லி கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன். படிப்பு, வயது, கணக்கு எழுதத் தெரியும். நாலே வரி. படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாபா, தொரைக்கே உத்தரவு போடறியா? அயுதாத்தான் வேலை குடுப்பான்."

அவரே புதிதாக இங்கிலீஷில் அடித்தார். 'தங்கள் பாதங்களில்' என்று ஆரம்பம். நடுவில், என் அப்பா கைகால் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் இருப்பதாக ஒரு வரி. எல்லா மனுவிலும் அப்படி ஒன்று போடுவாராம்.

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். பாரிவாக்கத்திலிருந்து என்னோடு நடந்து வந்தவர். இங்கிலீஷ் தெரியாது.

அந்த வரியை நீக்கச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது அப்பா கேட்டார்.

"அதுல என்னப் பத்தி கீதாடா?"

"கீது நைனா."

"இன்னான்னு?"

"பயிர் வைக்கிறவர்னு."

சந்தோஷம் அவருக்கு. வேகமாக முன்னால் நடந்தார்.

உறையை இன்னும் ஒட்டவில்லை.