மூணாம் நம்பர் பெட்டுக்காரிகள்

நசரத்பேட்டை
10.6.2024, திங்கள்

தேவிப்பிரியா கண்ணு,

நான் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸுக்குப் படுக்கிற அதே மூணாம் நம்பர் பெட்டுலதான் நீ செவ்வாய், வியாழன், சனி படுக்கிற. போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. அதான் சபீனா சிஸ்டர் கையில கடுதாசி.

உடம்புல தண்ணி சேந்து எடை ஏறிச்சுன்னு சிஸ்டருங்க திட்டினதுக்கு அழுதியாமே, லூசா நீ? டயாலிசிஸுக்கு மொத நாளே சோத்தை உட்டுடு. ரெண்டு பிஸ்கட்டு, அவ்ளோதான். ஆறு வருசமா நான் அப்படித்தான் கீறேன்.

உன் அக்கா,
நாகவல்லி

கரையான்சாவடி
13.8.2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க வழி பலிச்சிடுச்சு! நடுவுல ஒரு கிலோகூட ஏறலை. முடிஞ்சு இறங்கும்போது எப்பவும் சரியா நாப்பத்தெட்டு. சிஸ்டருங்க கைதட்டறாங்க.

ஆனா ரத்தம் ஊறறதுக்கான ஊசி ரெண்டு மடங்கு போட்டும் ஹீமோகுளோபின் 7.1-லயே நிக்குது. உங்களுக்கு எப்படிக்கா பதினொண்ணு? எங்கம்மா கிட்னி எனக்குப் பொருந்துதுன்னு சொல்லிட்டாங்க. வெளி ரத்தம் ஏத்தினா, அப்புறம் அம்மா கிட்னியையே என் உடம்பு எதிர்க்கலாமாம். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசியிலயே பத்து வந்தாகணும். உட்கார்ந்தா இருப்புக் கொள்ளலை, நின்னா தலை சுத்துது. உடனே பதில் போடுங்க.

தங்கை தேவி

22.8.2024, வியாழன்

நாகவல்லி அக்கா,

இன்னைக்குக் கையிலயும் கால்லயும் ஒயர் மாட்டி ஒரு மெஷின்ல பாத்தாங்க. உடம்புல சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு தனித்தனியா சொல்லுது. சதை நாலு கிலோ கரைஞ்சிருக்கு. அந்த இடத்துல தண்ணி. அதான் எடை அப்படியே நின்னிருக்கு, நான் பைத்தியம் மாதிரி சந்தோஷப்பட்டிருக்கேன்.

பட்டினி கிடக்கிற உடம்புல ஊசி சரியா வேலை செய்யாதாம். யார் சொல்லிக் குடுத்ததுன்னு டாக்டர் கேட்டார். உங்க பேரைச் சொல்லலை. ஆபரேஷனை மூணு மாசம் தள்ளிட்டாங்க. அம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழறாங்க.

நீங்க மட்டும் எப்படி நல்லா இருக்கீங்க? அதை எழுதுங்க.

தேவிப்பிரியா

23.8.2024, வெள்ளி

தேவி கண்ணு,

எப்படியா? துன்னுகினு கீறேன், அப்படித்தான். நான் ஒரு நாள்கூட பட்டினி கெடந்ததில்லம்மா. மூணு முட்ட, மீனு எல்லாம் உண்டு. மூணு கிலோ ஏறினு போவேன், சிஸ்டருங்க கிழிகிழின்னு கிழிப்பாங்க.

நீ புதுசா வந்து, "அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும்"னு சொன்ன பாரு. இந்த ஊட்டுல, அந்த ஆஸ்பத்திரில, யாரும் என்னை அப்படிச் சொன்னதில்ல. கெத்தா அள்ளி உட்டுட்டேன். நீ அப்படியே செய்வேன்னு சத்தியமா நெனக்கல. ஐயோ, என் வாய்ல புத்து வெக்க!

டாக்டராண்ட நானே போய் சொல்லிட்டேன். உங்கம்மா வந்து என்னை நாலு அறை உடட்டும். நீ சாப்புடு.

பாவி நாகவல்லி

30.8.2024, வெள்ளி

கண்ணு,

மூணு தபா சபீனாவைக் கேட்டுட்டேன். கடுதாசி இல்லைன்றா. திட்டியாவது எழுது. எனக்கு சோறு எறங்கல.

நாகவல்லி

கரையான்சாவடி
14.9.2024, சனி

அக்கா,

கோபம் இன்னும் போகலை. தினமும் நாலு முட்டை வெள்ளைக்கரு சாப்பிடறேன். வெளி ரத்தம் ஏத்தலை. 7.8 வந்திருக்கு. பத்து எப்ப வரும்னு டாக்டருக்கே தெரியலை.

இனிமே எனக்கு எழுதாதீங்க. திங்கள்கிழமையிலிருந்து உங்க ஷிப்டுக்கே மாத்திக் கேட்டு வாங்கிட்டேன். நாலாம் நம்பர் பெட். உங்க வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன். டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வாங்க, என் கண் முன்னால சாப்பிடுங்க.

தேவி