சவுரியும் சிறுத்தைத் தோலும்

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்று முடி வாரும் நாள். வருடத்துக்கு ஒருமுறை பேண்டின் ஸ்போரன்கள் பதினெட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தூசி தட்டி, வாரி, தோலுக்கு மெழுகு பூசுவது என் பொறுப்பு. ஸ்காட்லாந்துக்காரர்கள் பாவாடைபோல் கட்டும் கில்ட்டுக்கு முன்னால் இடுப்புச் சங்கிலியில் தொங்கும் பை அது. முகப்பில் முழங்கால் வரை கறுப்புக் குதிரைமுடி, அதன்மேல் இரண்டு வெள்ளைக் குஞ்சம். என் மனைவி மனோரமா அதைத் தாடி என்றுதான் சொல்வாள். "பதினெட்டுத் தாடிக்கு நடுவில எங்க இருந்து சாப்பிடுறது?" என்று தட்டோடு மாடிக்குப் போய்விட்டாள்.

காற்றுப்பைக் குழல் ஊதும் இந்த ஸ்காட்லாந்து பைப் பேண்டில் பெரிய டிரம் அடிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம். மலேசியாவில், ஈப்போ பள்ளிக்கூடத்தில் பிடித்த பைத்தியம், லண்டனில் படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போனது மூன்று தடவை. மூன்றிலும் மழை. ஆனாலும் சீருடை விஷயத்தில் இங்கே என் பேச்சுதான் முடிவு. எது அசல், எது போலி என்று தொட்டாலே சொல்லிவிடுவேன். பேண்டை நடத்தும் பைப் மேஜர் அலஸ்டருடைய ஸ்போரனைத்தான் கடைசியாக வாரினேன். ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ்காரர். அவருடையதுதான் தரம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

துளசி கேட்டது உறுத்திக்கொண்டிருக்கிறது. மனோவுக்குத் தூரத்துச் சொந்தம், பிளேஸ்டோவில் மருந்துக்கடைப் பார்மசிஸ்ட். கிளாஸ்கோவில் படித்தபோது பைப் கற்றவள். பேண்டுக்குக் கூட்டிவந்ததே நான்தான். மிருகத்தின் தோலும் முடியும் அணியமாட்டாளாம். "நானே ஒண்டு செய்து கொண்டு வாறன் அங்கிள்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

முழுச் சீருடை ஒத்திகை. அலஸ்டர் வருமுன் நான் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன்.

துளசி கட்டியிருந்ததைப் பார்த்ததும் குதிரைமுடி என்றுதான் நினைத்தேன். சரி, பிடிவாதம் விட்டாள் என்று சந்தோஷம்கூட. தொட்டபோதும் தெரியவில்லை. அவளே சொன்னாள். "டான்ஸ் ஆடேக்க கட்டின சவுரி, அங்கிள். நைலோன். பை தக்கையில செய்தது."

ஏமாந்துவிட்டேன் என்ற கோபம் வந்தது. "தலையில வைக்கிறத இடுப்புல கட்டிக்கிட்டு வந்திருக்கியா?" என்றேன். மரியாதைக்குச் சிரித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மற்றவர்கள் என்ன என்று பார்த்தார்கள். உடனே ஆங்கிலத்திலும் சொன்னேன்: இது பெண்கள் பின்னலில் வைக்கும் பொய்முடி, தவறான பக்கத்தில் தொங்குகிறது. இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு கழற்றச் சொன்னேன். எல்லோர் முன்னாலும். சங்கிலி கில்ட்டின் பக்கிளில் மாட்டிக்கொண்டது. அவள் குனிந்து அதை எடுத்துவிட்டாள். நாற்காலியில் வைத்துவிட்டு, ஒத்திகை முழுக்க எல்லோரையும்விட நன்றாக வாசித்துவிட்டு, அதை எடுக்காமலே போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

அசல் குதிரைமுடி என்ற சீருடை விதியைத்தானே சொன்னேன்? விதிதான்.

மார்ச் 13, வியாழன்

துளசியின் அம்மா மனோவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். மனோ சத்தம் போடவில்லை. பருப்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

"நீங்கள் அப்ப என்ன போட்டிருந்தனீங்கள்?"

"என் டிரஸ்தான். சிறுத்தைத் தோல்."

"அந்தச் சிறுத்தை எந்தக் காட்டில சுட்டது?"

பெரிய டிரம் அடிப்பவன் கழுத்திலிருந்து முழங்கால் வரை சிறுத்தைத் தோல் போடுவது வழக்கம். என்னுடையது பஞ்சும் நைலானும். முப்பது டிகிரியில் மனோதான் மெஷினில் போட்டு எடுக்கிறாள். அது பேண்ட் வாங்கிக் கொடுத்தது, அது வேற, என்றேன்.

"என்ன வேற?"

போலிச் சிறுத்தையைப் போர்த்திக்கொண்டு நின்றல்லவா அந்தப் பெண்ணின் சவுரியைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். வழக்கம்போல் பெல்ட்டையும் பர்ஸையும் காரிலேயே கழற்றி வைத்தேன். சாமி முன்னால் தோல் கூடாது என்று அப்பா பழக்கியது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தேன். இந்த லட்சணத்தில், மாட்டுத்தோல் வேண்டாம் என்ற பெண்ணை நான்... எழுதவே கூசுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

துளசி வரவில்லை. ஏன் என்று அலஸ்டர் கேட்டார். வேலை அதிகமாம் என்றேன். பொய். கொஞ்சமும் தடுமாறாமல், நல்ல ஆங்கிலத்தில்.

அவளுடைய ஸ்போரன் சீருடை அலமாரியில் கிடக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அதுதான். இன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தையல் என்னுடையதைவிடச் சுத்தம்.

மார்ச் 23, ஞாயிறு

ஏன் அப்படிச் செய்தேன் என்று மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். உண்மையை இங்கேயாவது எழுதவேண்டும்.

முதல் வருட ஊர்வலத்தில் கூட்டத்தில் ஒருவன் என்னைக் காட்டி ஏதோ சொன்னான், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. அன்றிலிருந்து என் சாக்ஸ் அரை அங்குலம் இறங்கியதில்லை. வெள்ளைக்காரன் சட்டைப் பொத்தான் போடாமல் வருவான், கேட்கமாட்டார்கள். நம்மாள் ஒருத்தன் செஞ்சா நம்ம எல்லாரையும் சேர்த்துப் பார்ப்பாங்க. துளசி சவுரியோடு நின்றபோது எனக்கு அந்தப் பயம்தான். அவளையும் என்னையும் ஒன்றாக வைத்துச் சிரித்துவிடுவார்களோ என்று. அதனால் நான் முந்திக்கொண்டு, அவர்கள் பக்கம் போய் நின்று சிரிக்கவைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜூன் ஊர்வலத்துக்கு பைப்பர் போதவில்லை. துளசியை மறுபடி கேட்டுப்பார் என்றார் அலஸ்டர். இனியும் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஸ்போரன் விஷயமாக ஒரு பிரச்சினை, அவளுடையது நைலான், என்று மென்று விழுங்கினேன்.

"என்னுடையதும் நைலான்தானே" என்றார் அவர். குதிரைமுடியைப் பூச்சி தின்றுவிட்டதாம், பதினொரு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கினாராம். "நீதானே வருஷா வருஷம் வாருகிறாய், தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்.

ஏப்ரல் 9, புதன்

பதினொரு வருடம். மெழுகும் பூசியிருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

துளசிக்கு நான்கு தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை. இன்று அவளுடைய ஸ்போரனை ஒரு துணிப்பையில் வைத்து பிளேஸ்டோவுக்கே போனேன். கடையில் முன்னால் மூன்று பேர். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில், "பிரிஸ்கிரிப்ஷன் இருக்கோ அங்கிள்?" என்றாள்.

"இல்லம்மா. மன்னிப்புக் கேக்க வந்தேன். நான் அன்னைக்கு உன்னைப் பேசினது ரொம்பத் தப்பு. அலஸ்டரோடதே நைலான்தான். என் சிறுத்தையும் நைலான்தான்."

"உங்கட சிறுத்தை நைலோன் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எல்லாருக்கும் முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

பையைக் கவுண்டரில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"அங்கிள், அண்டைக்கு நீங்கள் தமிழிலயும் சொன்னனீங்கள், இங்கிலீஷிலயும் சொன்னனீங்கள். மன்னிப்பு மட்டும் தமிழிலதானோ?"

பின்னால் ஒரு அம்மா இருமல் மருந்துக்கு நின்றார். "அடுத்த ஆள் நிக்கிறா" என்றாள் துளசி. பையை உள்ளே எடுத்து வைத்தாள். அதுமட்டும்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒத்திகை முடிந்ததும் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரம் ஸ்டாண்டுக்கு ஒரு திருகாணி வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சீ.

மே 6, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டேன். மனதில் வந்தபடி ஆங்கிலத்தில் சொன்னேன். துளசிக்கு வேலை அதிகம் என்றது பொய். அவள் போனது என்னால். அவளை உங்கள் முன்னால் சிரிப்புக்கு ஆளாக்கினேன், அப்போது நான் போட்டிருந்ததே நைலான். அசல் எது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி இத்தனை வருடம் நடித்தேன். அன்று சிரித்த இருவரில் ஒருவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நல்லதாயிற்று. அலஸ்டர் மட்டும், "அவளிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்றேன். நான் சொன்னால், மன்னிப்பைக் காட்டிக் கூப்பிடுவது போல் இருக்கும்.

சீருடைப் பொறுப்பையும் விட்டுவிடுகிறேன் என்றேன். "வேண்டாம். அதையே ஒழுங்காகச் செய்" என்றார்.

மே 20, செவ்வாய்

துளசி வரவில்லை. விதித்தாளில் 'அசல்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். நிறமும் நீளமும் போதும்.

மே 27, செவ்வாய்

வரவில்லை. மனோவிடம் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்றாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்த மாதிரி இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

வந்தாள். "ஹலோ அங்கிள்" என்றாள், எல்லோரிடமும் சொன்ன மாதிரி. அந்த ஒத்திகையில் நான் இரண்டு இடத்தில் அடி தப்பினேன்.

ஜூன் 14, சனி

ஊர்வலம். காலையிலிருந்தே வெயில். கார் பார்க்கில் வரிசையாக நின்றோம். நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாக்ஸ், தொப்பி, சங்கிலி.

துளசியிடம் வந்தபோது என் கால் தானாக நின்றது. சவுரியைப் பளபளவென்று வாரியிருந்தாள். சரியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த ஆளிடம் நகர்ந்தபோது, உதடு அசையாமல், தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னாள்.

"அங்கிள், உங்கட சிறுத்தையின்ர வால் கழண்டு தொங்குது."

பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே வேறு யாருக்கும் தமிழ் புரியாது. என்ன என்று அலஸ்டர் பார்த்தார். ஒன்றுமில்லை என்றிருக்கலாம்.

திரும்பி நின்று, வாலைத் தூக்கிக் காட்டி, அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த மிருகம் மெஷினில் துவைத்துத் துவைத்து இப்படி ஆகிவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டேன். வரிசை முழுக்கச் சிரித்தார்கள்.

அலஸ்டர் ஒரு ஊக்கு கொடுத்தார். எனக்குப் பின்பக்கம் எட்டவில்லை. துளசி பைப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து குத்திவிட்டாள்.