நரிக்காக வென்ற கோப்பை

இன்று காலை நோபல் பார்க் ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால் உள்ள நடைபாதையில் ஒரு நரி என்னைக் கடந்து போனது. வாயில் யாரோ எறிந்த கோழி எலும்பு. அது ஓடவில்லை. வேலைக்குப் பிந்தாத ஆள் போல நிதானமாக நடந்து, வேலி இடுக்கால் நுழைந்து மறைந்தது. அது போன பிறகும் அதன் வாடை குளிரில் அப்படியே நின்றது. மூத்திர நெடியும் காரமும் கலந்த அந்த வாடையை எனக்கு அறிமுகம் செய்தவர் நீர். உம்முடைய கோழிக்கூட்டு வாசலில் என்னைக் குனிய வைத்து, "மணந்து பாரும் காணும், இதுதான் கள்ளன்" என்றீர்.

நீர் கண்ணை மூடிய பிறகு வருகிற இரண்டாவது குளிர்காலம் இது. மறுத்துப் பேச ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. பேப்பரிலோ பழைய கதை திரும்பவும் அடிபடுகிறது. குதிரையில் ஏறி, நாய்க்கூட்டத்தை ஏவி நரி வேட்டையாடுவதை இங்கே தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா? இங்கிலாந்திலேயே தடை செய்து எத்தனையோ வருடமாகிவிட்டது. தடை வேண்டும் என்ற என் பக்கம் மாறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது போய் நான் இளகிவிட்டேன் என்று நீர் நினைத்துவிடக் கூடாது.

ஊரை விட்டு வந்து, டண்டினோங்கில் ஒரே தொழிற்சாலையில் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் நாங்கள். ஓய்வு பெற்றதும் எங்கள் ஆட்கள் மாடி வீடு வாங்கினார்கள். நீர் பேக்கன்ஹாமுக்கு அப்பால், தகரக் கொட்டிலும் சரிந்த வேலியுமாக ஒரு துண்டுக் காணி வாங்கினீர். "வீட்டுக்காரி ஒரு கிழமையா என்னோட கதைக்கிறேல்லை. ஆனா கோழியள் நல்லாக் கதைக்குதுகள்" என்று சிரித்தீர். சனிக்கிழமைகளில் நான் ரயிலில் வருவேன். பின்பக்கம் திறந்த உம்முடைய பழைய யூட் வண்டி ஸ்டேசன் வாசலில் நிற்கும். ஏறி இருந்து கதவைச் சாத்துவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். என் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. மிச்சத்தை நூலகத்துக் கதிரையில் இருந்து நானே படித்தேன். படித்ததை உரசிப் பார்க்க எனக்கு ஒரு கல் வேண்டும். அந்தக் கல் நீர்தான்.

ஒரு மழைக்கால விடியலில் நீர் தொலைபேசியில் அழைத்து, "வாரும்" என்று மட்டும் சொன்னீர். வந்து பார்த்தால் கூட்டைச் சுற்றி இறகு மெத்தை போலக் கிடந்தது. நரி ஒரு கோழியைத்தான் கொண்டு போயிருந்தது. மற்றவற்றைக் கடித்துப் போட்டிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி சாக்கில் போட்டுக்கொண்டே சொன்னீர்: "பசிக்கு ஒண்டைத் திண்டால் நான் கோவிக்க மாட்டன். இது விளையாடியிருக்கு."

அடுத்த கிழமை பக்கத்துக் காணிக்காரர், குதிரை வைத்திருக்கும் அந்த நரைத்த மனிதர், உம்மிடம் வந்தார். அவருடைய வேட்டைக் கழகம் சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறது, உம்முடைய பின் வயலால் குதிரைகளும் நாய்களும் போக அனுமதி தருவீரா என்று கேட்டார். பின் வயல் கேற்றைத் திறந்துவிடுகிறேன் என்று நீர் உடனே தலையாட்டிவிட்டீர்.

உம்முடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் எங்கள் சண்டை நடந்தது. "கேற்றைத் திறந்தால் நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன்" என்றேன்.

"என்ன காணும், நரி உமக்கு மச்சானோ?"

"நரியைக் கொல்லவேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. கொல்லுறது வேற, கூத்தடிக்கிறது வேற."

"அப்ப இதை மண்டபத்தில பேசித் தீர்ப்பம். நீர் வெண்டால் கேற் பூட்டு. நான் வெண்டால் திறப்பு. சரியோ?"

மாதம் ஒருமுறை எங்கள் மூத்தோர் கூடுகிற மண்டபத்தில், வடையும் தேநீரும் முடிந்த பிறகு பட்டிமன்றம் நடக்கும். நல்ல மருமகள் யார் என்று பேசிப் பேசி அலுத்துப்போன சபைக்கு நீர் கொடுத்த தலைப்பு புதுச்சட்டை போல இருந்தது. நடுவர் எங்கள் ரீச்சர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. பரிசாக வெள்ளி முலாம் பூசிய, இரண்டு காது வைத்த கோப்பை மேசையில் இருந்தது.

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். இந்த நாட்டில் முன்பு இல்லாத நரியை, துரத்தி விளையாடுவதற்கென்றே கப்பலில் கொண்டுவந்து விட்டவர்களின் வழியில் வந்தவர்கள், அதைக் கேடு பிடித்த விலங்கு என்று இன்று சொல்லி அதே விளையாட்டை ஆடுவது என்ன நியாயம்? கேடு ஒழிப்பதுதான் நோக்கமென்றால் பொறியும் சுடுவதற்குத் துவக்கும் இருக்க, சிவப்புக் கோட்டும் ஊதுகொம்பும் எதற்கு? மூன்றாவது கேள்வியை உம்மைப் பார்த்தே கேட்டேன். ஒரு உயிரை எடுத்தே ஆகவேண்டும் என்றால் எடுக்கட்டும், அதில் சந்தோசப்பட வேண்டியது என்ன இருக்கிறது?

நீர் எழுந்தீர். "என்ர நண்பர் நரிக்கு வக்காலத்து வாங்கிறார். கோழிக்கு ஆர் வக்கீல்? சனிக்கு சனி என்ர முட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறுற ஆள், நரிக்கு வோட் போடுறார்!" மண்டபம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. நானும் சிரித்தேன். பிறகு நீர் குரலைத் தாழ்த்தி, விடியலில் இறகு பொறுக்கியதைச் சொன்னீர். குதிரைக்காரர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்பது கோழிக்குத் தெரியாது, நரி குறைந்தால் அதற்குப் போதும் என்றீர். நல்ல வாதம். அதற்கு மறுமொழி சொல்ல நான் வாயைத் திறக்கும்போது மணி அடித்துவிட்டார்கள்.

ரீச்சர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். எங்கள் மண்டபத்தில் ஒருவரையும் நோகவிடாமல், இரண்டு பக்கத்துக்கும் சந்தனம் பூசி அனுப்புவதுதான் வழக்கம். அன்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"ஊரில சண்டை நேரம் ஐயா பற்றைக்குள்ள ஒளிச்சுக் கிடக்க, ஆமி நாயோட தேடி வந்த கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். துரத்தப்பட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும். இண்டைக்கு ஐயான்ர வாயால பேசினது அந்த வலி. அதுக்குத் தலைவணங்கி, அவரின்ர பக்கத்துக்கே வெற்றி."

கைதட்டினார்கள். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழுந்தேன்.

"ரீச்சர், அந்தக் கதையில ஒரு சொல்லுக்கூட நான் பேசேல்லை. நான் மூண்டு கேள்வி கேட்டனான். அதுக்குத் தீர்ப்புச் சொல்லுங்கோ."

"ஐயா, நீங்கள்தானே வெண்டிட்டியள்!"

"இப்பிடி வெல்லுறதுக்கு நான் வரேல்லை. கோப்பை உங்களிட்டையே இருக்கட்டும்."

அன்று எனக்குத் திமிர் என்று சொன்னவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். பட்ட துன்பம் வேறு, எடுத்து வைத்த நியாயம் வேறு. பற்றைக்குள் கிடந்த நாளில் எனக்கு நியாயமே தோன்றவில்லை, பயம் மட்டுந்தான் இருந்தது. நியாயத்தை நான் பிறகு, இங்கே, வாசித்தும் யோசித்தும் தேடிக்கொண்டேன். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என் பயத்துக்கு மாலை போட்டார்கள். துரத்தப்படாத ஒருவன் இதையே கேட்டிருந்தால் தோற்றிருப்பானா?

கார் நிறுத்துமிடத்தில் நீர் என் பின்னால் ஓடி வந்தீர். கையில் அந்தக் கோப்பை. "ஒருத்தருக்கும் வேண்டாமெண்டால் எனக்கு உதவும்" என்று யூட்டுக்குள் எறிந்தீர். பிறகு கேட்டீர்: "அப்ப கேற் பூட்டோ, திறப்போ?"

"உம்மட காணி, உம்மட விருப்பம். ஆனா எனக்கு இரக்கப்பட்டுப் பூட்டாதேயும்."

"உமக்கு ஆர் இரக்கப்பட்டது? விசர் மனுசன். உம்மட மூண்டாவது கேள்விக்கு என்னிட்டப் பதில் இல்லை. பாத்தால்தான் தெரியும். கேற்றைத் திறக்கிறன். நீரும் வந்து பக்கத்தில நிண்டு பாரும்."

என் கோபம் அந்த இடத்தில்தான் இறங்கியது. அந்த மண்டபத்தில் என் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள், எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற நீர்.

அந்தச் சனிக்கிழமை புல்லெல்லாம் உறைபனி. கம்பளித் தொப்பியோடு நாங்கள் கோழிக்கூட்டுக்கு அருகே பிளாஸ்குத் தேநீருடன் நின்றோம். முதலில் கொம்புச் சத்தம், பிறகு நாய்களின் குரல், பிறகு சரிவால் குதிரைகள். அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முன்னால், வெகு முன்னால், நரி வந்தது. நாக்குத் தொங்க, வயிறு சேற்றில் உரச, எங்களைக் கண்டும் விலகாமல், எங்கள் கால்களைத் தாண்டிக் கோழிக்கூட்டின் பலகைக்கு அடியில் நுழைந்தது. மேலே கோழிகள் அலறின. உமக்கும் எனக்கும் அதன் மூச்சு கேட்டது.

நாய்கள் வேலிக்கு அப்பால், மாட்டுச் சாணிக் குவியலுக்குள் மோப்பம் தவறிக் குழம்பி நின்றன. சிவப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வேலியோரம் குதிரையை நிறுத்தித் தொப்பியைத் தொட்டார். மரியாதையானவர். நரி எந்தப் பக்கம் போனது என்று சிரித்தபடி கேட்டார். முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல் மலர்ந்திருந்தது.

உம்முடைய கோழிகளைக் கொன்ற நரி உம்முடைய காலடியில் கிடக்கிறது. ஒரு விரலை நீட்டினால் போதும். நான் உம்மைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும்.

நீர் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர். பிறகு, "நோ ஐடியா, மேட்" என்றீர்.

அவர்கள் குதிரைகளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் வென்றுவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு கொடி ஏறியது. அதை நீர் ஏறவிடவில்லை. உள்ளே போய், லைசென்ஸ் எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்த துவக்கைக் கொண்டுவந்தீர். பொழுது சாயும்வரை கதிரையைப் போட்டுக் காத்திருந்தீர். மூச்சு ஆறிய நரி வெளியே வந்து, தலையைத் தூக்கிக் காற்றை மணந்தது. ஒரே வெடி. அது துடிக்கவில்லை.

"உம்மட கேள்விக்கு இதுதான் பதில்" என்றீர். "கோழிக்காகச் செய்தனான். சந்தோசம் இல்லை."

மண்வெட்டியை நான் எடுத்தேன். இருவருமாகக் குழி வெட்டினோம். அன்று இரவு நீர் சோறு சாப்பிடவில்லை என்று உம்முடைய மனைவி பிறகு சொன்னார்.

பின் வயல் கேற்றை அதற்குப் பிறகு நீர் திறக்கவில்லை. ஆனால் என்னையும் சும்மா விடவில்லை. "தடை வேணும் தடை வேணுமெண்டு பேசினால் காணாது. தடை வந்தால் கோழியை ஆர் பாக்கிறது? பிடியும் கம்பியை" என்று கூட்டைச் சுற்றி நிலத்தைத் தோண்ட வைத்தீர். நரி தோண்டி நுழையாதபடி கம்பிவலையை மண்ணுக்குள் முழ ஆழம் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம். குனிந்து தோண்டியதில் என் நாரி எலும்பு ஒரு மாதம் நிமிரவில்லை. அந்த வலைக்குப் பிறகு நீர் இருந்தவரை ஒரு கோழி போகவில்லை.

போன கிழமை, காணியை இப்போது பார்க்கிற உம்முடைய மகன் அழைத்தான். "அங்கிள், அந்த ஹன்ட் ஆக்கள் திரும்பவும் கேக்கினம். அப்பா முந்தி விட்டவர்தானே?"

"ஒருக்கா விட்டவர். பாத்தவர். பிறகு விடேல்லை."

"வை நொட்? இட்ஸ் லீகல், அங்கிள்."

"லீகலாய் இருக்கிறவரைக்கும் கேற்றுக்குப் பூட்டு இருக்கு. சனிக்கிழமை வாறன். வடக்குப் பக்கக் கம்பி துருப்பிடிச்சிட்டுது, மாத்தவேணும்."

இந்த மாதம் மண்டபத்தில் அதே தலைப்பை மீண்டும் வைக்கிறார்கள். நான் பேச ஒப்புக்கொண்டேன். ரீச்சரிடம் ஒரு நிபந்தனை போட்டேன்: என் பழைய கதையை யாரும் எடுக்கக்கூடாது. எதிர்ப்பக்கம் பேச ஆள் கிடைக்கவில்லையாம். உம்முடைய கோழிகளுக்காக வாதாட அங்கே யாருமில்லை. ஆகவே முதலில் உம்முடைய வாதத்தை நானே, ஒரு சொல்லும் குறைக்காமல், முட்டைப் பகிடியோடு சேர்த்துச் சொல்லப்போகிறேன். அதன் பிறகுதான் அதற்கு மறுமொழி சொல்வேன். அன்று மணி அடித்து நிறுத்திய அந்த மறுமொழி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பை நான் இன்றுவரை ஏற்கவில்லை. கோப்பையை மட்டும் கையில் எடுக்கிறேன், சனிக்கிழமைகளில். நீர் வைத்த இடத்தில், தீன் வாளிக்குள்ளேயே அது கிடக்கிறது. முலாம் போய், ஒரு காது உடைந்து, தவிட்டு மணத்தோடு. ஒரு கோப்பை தீன் உம்முடைய கோழிகளுக்குச் சரியாகக் காணும். அவை தின்று முடித்து உள்ளே ஏறியதும் கூட்டைப் பூட்டி, பின் வயல் கேற்றின் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போகிறேன்.