பொன்னாச்சி குடியின் பெயர்

ஆரையம்பதி
12.01.2025

அன்புள்ள மச்சான் நல்லரத்தினத்துக்கு,

கிளினிக்கில் நம்பர் கூப்பிடும்வரை வாங்குப் பலகையில் இருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மச்சாள், போன்ல இந்த மூளை விளையாட்டு விளையாடினா என்ட மறதி மாறுமா?" என்று. நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டித் தடுத்தீர்கள். "இப்ப சொல்லாதீங்க. மண்டூர் போய்ச் சேரக்குள்ள பாதி பறந்திரும். எழுதி அனுப்புங்க" என்றீர்கள். இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். பதிலை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

உங்களோடு உள்ளே வந்தபோது டொக்டர் சொன்னதை முதலில் எழுதுகிறேன். வலிப்பு உள்ளவர்களுக்கு மறதி வருவது புதினம் இல்லை. வலிப்பு வருத்தத்தாலும் வரலாம், சில வேளை அதற்கு விழுங்கும் குளிசையாலும் வரலாம், நித்திரைக் குறைவாலும் வரலாம். விளையாட்டைப் பற்றி அவர் சொன்னது இது: விளையாடுகிறவர் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார். அந்தக் கெட்டித்தனம் கடைக்கும் வீட்டுக்கும் கூட வருமா என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது.

எனக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் விளங்காது. கரம் போர்டில் காய் அடித்துப் பழகினால் கரம் நன்றாக வரும். அதே விரல்தான், ஆனாலும் அதனால் ஊசியில் நூல் கோக்க வந்துவிடாது. கொஞ்சம் வந்தாலும் வரலாம், யார் கண்டது? அதனால் விளையாடிப் பாருங்கள். குளிசையை மட்டும் விளையாட்டை நம்பி விட்டுவிடாதீர்கள். நித்திரையையும் விடாதீர்கள்.

விதுர்ஷாதான் போனில் அதைப் போட்டுத் தந்தாளாமே. மகளிடம் தோற்றால் கோபிக்க வேண்டாம்.

அன்பு மச்சாள்
கேதீஸ்வரி


மண்டூர்
02.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் விதை நெல் மூட்டைக்கு மேலே தொங்கும் கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறேன். மறந்தால் நிமிர்ந்து பார்த்தால் போதும். வயலுக்குப் பசளை வாங்க வந்த ஒருவர் அதை வாசித்துவிட்டு, "ரீச்சர் எனக்கும் படிப்பிச்சவ, அப்பவும் கரம்தான் உதாரணம்" என்று சிரித்தார்.

விளையாட்டு நன்றாகப் போகிறது. படங்களைக் காட்டி மறைப்பார்கள், எது எங்கே இருந்தது என்று தொட வேண்டும். விதுர்ஷா என்னிடம் தோற்றுவிட்டாள். "அப்பா களவு" என்கிறாள்.

எதற்காக இவ்வளவு முயற்சி என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. நானாகவே எழுதுகிறேன். எங்கள் அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின் முடிவில், அம்மனின் கோபம் தணியக் குளிர்த்திப் பாட்டுப் பாடி முடிந்ததும், குடிகளின் பெயரை முறைப்படி கூற வேண்டும். தாய்வழியாக வரும் ஒவ்வொரு குடிக்கும் பெயரும் அதற்குரிய புகழும் உண்டு. தாளைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. மாமாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

போன வருடம் பாதியில் எனக்கு வலிப்பு வந்தது. விழவில்லை. கண் ஒரே இடத்தில் நிற்க, வாய் மட்டும் மெல்வதுபோல் அசையுமே, அந்த மாதிரி. சனம் அதை அம்மன் ஏறியதாக நினைத்தது. கையெடுத்துக் கும்பிட்டார்களாம், யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்தார்களாம். எனக்கு நினைவு திரும்பியதும் விட்ட இடம் தெரியாமல் அடுத்த பெயரில் தொடங்கிவிட்டேன். பொன்னாச்சி குடி விடுபட்டுப் போனது.

அன்றைக்கே வண்ணக்கரிடம் போய், "அது என்ட வருத்தம், அம்மன் இல்ல" என்று சொன்னேன். கோயிலை நிர்வகிக்கும் பெரியவர் அவர்தானே, அவர் சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைத்தேன். "நீ சும்மா இரு. அம்மன் விட்ட பேர நாம கூறப்படாது" என்றுவிட்டார். அம்மன் அந்தக் குடியைக் கைவிட்டுவிட்டாள் என்று கதை பரவியது. அந்தக் குடியில் மூத்தவர் கண்ணகை அக்கா. அவருடைய மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் நின்றுபோனது. அக்கா கோயில் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். என் கடைக்கு முன்னால் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்.

இந்த வைகாசிக்கு அந்தப் பெயரை நான் பிசகாமல் கூற வேண்டும் மச்சாள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்படிக்கு
நல்லரத்தினம்


மண்டூர்
16.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

விதுர்ஷா உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருப்பாள். கடையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். மூட்டைகளுக்கு மேல் விழுந்ததால் காயம் இல்லை. காரணம் எனக்கே தெரியும். விளையாட்டில் கடைசி மட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் நித்திரையை விட்டேன். நீங்கள் எழுதியது தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி மட்டத்தைப் பிடித்துவிட்டேன். போன் வாணம் எல்லாம் விட்டுக் காட்டியது. அந்தச் சந்தோசத்தில் விதுர்ஷாவைக் கூப்பிட்டுக் குடிப்பெயர்களைக் கூறிக் காட்டினேன். இரண்டு பெயர் வரவில்லை. அதில் ஒன்று பொன்னாச்சி. "அப்பா, போனுக்குள்ள எல்லாம் ஞாபகம் இருக்கு, கோயிலுக்க ஒண்டும் இல்லையே" என்றாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் வேறு ஆள் வந்தால் வண்ணக்கர் சொன்னபடிதான் கூறுவார். அந்தப் பெயர் அப்படியே போய்விடும்.

நல்லரத்தினம்


ஆரையம்பதி
24.03.2025

அன்புள்ள மச்சான்,

முதலில் ஏச்சு. குளிசை, சாப்பாடு, நித்திரை. இந்த மூன்றும் ஒழுங்காக இல்லாவிட்டால் என் கடிதங்களை அந்தக் கிளிப்பில் இருந்து கழற்றி விடுங்கள், பாரம் குறையட்டும். விழுந்ததை டொக்டரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏச்சு முடிந்தது. மச்சான், உங்களை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. பலர் விளையாட்டில் வென்றதையே குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் வென்ற கையோடு மகளைக் கூப்பிட்டு, தேவையான இடத்தில் உங்களையே சோதித்தீர்கள். நான் இவ்வளவு காலம் வகுப்பில் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். குடிப்பெயர் வேண்டுமென்றால் குடிப்பெயரையே பழகுவோம். கிளினிக்கில் இருக்கும் தாதி ஒரு வழி சொன்னார், சிலருக்கு உதவுகிறதாம். தெரிந்த பாதையில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயரை வைத்துவிட்டு, மனதால் நடந்து போய் எடுப்பது. உங்களுக்கு உங்கள் வயல் வட்டையை விடத் தெரிந்த பாதை எது? வயல் வரம்பில் நடங்கள். மதகில் ஒரு குடி, காவல் வாடியில் ஒரு குடி. ஒவ்வொன்றையும் பார்க்காமல் வாய்விட்டுக் கூறுங்கள். பார்த்து நூறு தரம் வாசிக்கிற பிள்ளையை விட, மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் பாடம் நிற்கும்.

இன்னொன்று. உங்கள் மண்டைக்குள் மட்டும்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? என் கடிதத்தைத் தொங்கவிட்டீர்களே, அதுபோல் கோயிலிலும் ஏதாவது கண்ணுக்கு முன்னால் இருக்கலாமா என்று யோசியுங்கள். கோயில் வழக்கம் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்பு மச்சாள்
கேதீஸ்வரி


மண்டூர்
15.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சடங்கு முடிந்தது. நான் சுகம். நடந்ததை மறக்கும் முன் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வரம்பில் தினமும் நடந்தேன். பொன்னாச்சி குடியை மதகடியில் வைத்தேன். தண்ணீர் எப்போதும் சத்தம் போடும் இடம், மறக்காது என்று நினைத்தேன். வீட்டில் கூறும்போது ஒன்றும் பிசகவில்லை. சடங்கு நாட்களில் குளிசையை நேரத்துக்கு எடுத்தேன். விரதத்துக்கு விலக்குக் கேட்டுச் சாப்பிட்டேன், பகலில் படுத்துத் தூங்கினேன்.

நீங்கள் சொன்ன இரண்டாவது யோசனைக்கும் வழி கிடைத்தது. குடிகளின் மூத்த பெண்கள், நான் கூறும் வரிசையிலேயே முற்றத்தைச் சுற்றி நிற்கட்டும் என்று வண்ணக்கரிடம் கேட்டேன். "என்னகா நல்லம், பள்ளிக்கூட அசெம்பிளியா?" என்றார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொன்னாச்சி குடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாள் கூடாது என்றுதானே வழக்கம், ஆட்கள் கூடாது என்று இல்லையே.

கண்ணகை அக்காவைக் கூப்பிட நானே போனேன். கதவைத் திறக்காமல் உள்ளே இருந்து, "மறுகா என்னத்துக்கு வந்த? போன வருசம் பட்டது காணாதா?" என்றார். "அக்கா, நீங்க நிண்டாத்தான் எனக்கு ஞாபகம் வரும்" என்றேன். கதவு மூடியபடியே இருந்தது. ஆனால் குளிர்த்தி அன்று கோயிலுக்கு வந்து, தன்னுடைய இடத்தில் நின்றார்.

குளிர்த்தி முடிந்து உடுக்கு நின்றது. தொடங்கினேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, முற்றத்தைச் சுற்றிக் கிறுகிக் கிறுகிக் கூறினேன். கண்ணகை அக்காவின் முகத்துக்கு வந்தேன்.

பெயர் வரவில்லை மச்சாள்.

மதகு மனதில் தெரிகிறது. தண்ணீர் போகிறது. அக்கா எனக்கு முன்னால் நிற்கிறார். பெயர் மட்டும் இல்லை. இது வலிப்பு இல்லை, எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெறும் மறதி. ஆனால் சனம் மெல்ல மெல்லக் கையைக் கூப்பத் தொடங்கியது. ஒரு பெண் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்குகிறாள். அக்கா முகத்தை மறுபக்கம் திருப்புவதைக் கண்டேன்.

"கையை இறக்குங்க! இது அம்மன் இல்ல. எனக்கு மறந்து போச்சு" என்று உரத்துச் சொன்னேன். "போன வருசமும் அம்மன் இல்ல. எனக்கு வலிப்பு வருத்தம் இருக்கு, உங்க எல்லாருக்கும் தெரியும். கண்ணகையக்கா, எனக்கு வரல்ல. உங்கட குடிப் பேர நீங்களே கூறுங்க."

பெண்கள் கூறி நாங்கள் கேட்டதே இல்லை. அக்கா வண்ணக்கரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு அக்கா தலையை நிமிர்த்தி, "பொன்னாச்சி குடி!" என்றார். அந்தக் குரல் நமக்கு இடையில் உள்ள வாவியையும் தாண்டி உங்களுக்கே கேட்டிருக்கும். நான் அதைத் திருப்பிக் கூறி, புகழையும் சேர்த்துக் கூறினேன். பெயர் கிடைத்ததும் புகழ் தானாக வந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். மிச்சக் குடிகளையும் ஒன்றும் பிசகாமல் கூறி முடித்தேன்.

முடிந்ததும் அக்கா வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். "அம்மன்ட கோவம் எண்டு ஒரு வருசமா பச்சத் தண்ணி கூட எனக்கு ருசிக்கல்ல. உனக்கு மறந்து போனதுக்கா நான் இவ்வளவும் அழுதன்?" என்று கேட்டு, அழுதுகொண்டே சிரித்தார்.

வண்ணக்கர் கடைசியாக வந்தார். "அடுத்த வருசமும் நீதான். மறந்தா மறந்த எண்டு போன வருசமே இப்பிடிச் சத்தமாச் சொல்லி இருக்கலாமே" என்றார். நான் கையில் இருந்த பிரசாதத்தை வாயில் போட்டேன். நல்ல சூடு.

இப்படிக்கு
நல்லரத்தினம்

பி.கு: அந்த விளையாட்டு இப்போது விதுர்ஷாவின் போனில்தான் இருக்கிறது. மாலையில் கொஞ்ச நேரம் இருவரும் விளையாடுவோம், சந்தோசத்துக்கு.


ஆரையம்பதி
22.06.2025

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு றஸீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணகை அக்கா அடித்த இடத்தில், "அல்லாஹ், நல்லா வேணும் அவருக்கு" என்று சிரித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தா. அவவின் தம்பிக்கும் இதே வருத்தம்தான். வெளியே தெரியக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் முற்றத்தில் சொன்னதை அவருக்கும் சொல்லப்போகிறாவாம்.

கிளினிக் வாங்கில் இருந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று பாதிப் பதில்தான் எழுதினேன். மீதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். விளையாட்டு விளையாட்டைப் பழக்கியது. நடை பெயர்களைப் பழக்கியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எந்தப் பயிற்சியும் கொண்டுவரவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அதை வைத்திருந்தவர் தந்தார். மறதி உள்ள ஒருவர் ஊர் முழுவதும் கைகூப்பி நிற்கும்போது, தெய்வமாக நிற்பதை விட்டு, எனக்கு மறந்துபோச்சு என்று சொன்னாரே. அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று எனக்கு விளங்குகிறது. பரீட்சையில் விடை தெரியாமல் நிற்கும்போது, தெரியாது என்று நிமிர்ந்து சொன்ன பிள்ளைகளை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது கண்ணகை அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

இந்த முறை கடிதத்தைக் கிளிப்பில் மாட்ட வேண்டாம். மடித்து வைத்துவிட்டு, இதில் என்ன எழுதியிருந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அன்பு மச்சாள்
கேதீஸ்வரி