திருமானூருக்குக் கொடுத்தனுப்பிய வெங்காயம்

செவ்வாய், இரவு. பெரம்பலூர் ரூம்.

தூக்கம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவரை மனிதர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வுக்காக, இன்று குன்னம் பக்கம் ஓர் ஊருக்குப் போனேன். ஆளுக்கு நூறு ரூபாய் கொடுப்போம். திருமானூரில் இருக்கும் யாரோ ஒருவருக்கு அதில் விருப்பப்பட்டதை அனுப்பலாம். அனுப்பியதை நாங்கள் மூன்று மடங்காக்கி அவரிடம் கொடுப்போம். அவராக மனம் வைத்தால் கொஞ்சம் திருப்பி அனுப்புவார்.

உண்மையில் திருமானூரில் அப்படி யாருமே இல்லை. அங்கே ஆள் சேர்க்கவே இல்லை. "ஒண்ணும் திரும்பி வரலன்னு சொல்லிடும்மா, என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்" என்றார் ஆய்வை நடத்தும் சார். சொன்னேன்.

அந்த ஊர் மலர்க்கொடி அக்கா காலையில் நூறையும் அனுப்பியிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவங்க வூட்ல என்ன கஷ்டமோ, பாவம்" என்றார். களத்தில் கிடந்த சின்ன வெங்காயத்தை ஒரு பை நிறைய அள்ளி நீட்டினார். "அங்கல்லாம் நெல்லும் கரும்புந்தான். இத அவங்ககிட்ட குடுத்துடும்மா. மறந்துடாத."

"சரிங்கக்கா, குடுத்துடறேன்" என்றேன். இதைச் சொல்லச் சொல்லி சார் சொல்லவில்லை.

பையைக் கதவோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், ரூமில் கூட இருக்கும் தேவி பாதியை உரித்துச் சாம்பாரில் போட்டிருந்தாள்.

"ஏதுடி இவ்ளோ வெங்காயம்?"

"ஒரு அக்கா எனக்குக் குடுத்தாங்க" என்றேன்.

நல்ல பசி. இரண்டாம் தடவையும் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.