பொட்டலத்தின் மேல் நீ வரைந்த முள்

இன்று காலை கடையின் மேல்தட்டைத் துடைக்கும்போது மிளகுச் சாக்குக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் காய்ந்த வைக்கோலும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த வாசம். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட லேபிள் கட்டு. ஒவ்வொன்றிலும் நீ வரைந்த அதே செடி. இலை ஓரத்தில் முள், உச்சியில் செம்மஞ்சள் பூ. அதற்கு மேலே பட்டையாக, 'அசல் குங்குமப்பூ' என்ற எழுத்து. ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் கோபத்துக்கு மட்டும் இன்னும் கருமாதி ஆகவில்லை.

செத்தவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். பேசுகிறேன், இரு. சேந்தமங்கலம் ஹாஸ்டலில் என் பாய்க்கு அடுத்த பாய் உன்னுடையது. நான் மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து இறங்கி வந்தவள், நீ அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் எங்கள் எல்லோருக்கும் படம் போட்டுக் கொடுத்தது நீதான். டீச்சர் கண்டுபிடிக்கக் கூடாது என்று அவரவர் கைக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கோணலாக்கிக் கொடுப்பாய். என்னுடையதில்தான் கோணல் அதிகம். "உன்ற கைக்கு இதுவே சாஸ்தி புள்ள" என்பாய். அந்தச் சாமர்த்தியத்தை அன்றைக்கு ரசித்துச் சிரித்தவள்தான் நான்.

கல்யாணம், பிள்ளைகுட்டி எல்லாம் ஆன பிறகு மலைமேல் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்டோம். என் காட்டு மிளகு, காபிக்கொட்டை, சாமை, அக்கம்பக்கத்துத் தேன். நீ முதல் பஸ்ஸில் ஏறி வருவாய். ஒரு நாள் வரும்போது, சேலத்துப் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது என்று வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகத் தாள் ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்து வந்தாய். குசும்பாச் செடியின் படம். முழுக் கிளை ஒன்று, கீழ் மூலையில் தனியாக எடுத்து வைத்த ஒற்றைப் பூ, குழல் மாதிரி நீண்டு நுனியில் ஐந்தாகப் பிரிந்து. பக்கத்தில் குறுக்கே வெட்டிய விதை. எல்லாவற்றுக்கும் கையால் வண்ணம் ஏற்றியிருந்தார்கள்.

மறுநாள் உங்கள் அப்பா காட்டிலிருந்து நிஜச் செடியையே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாய். உங்கள் பக்கம் கொண்டைக்கடலைக் காட்டைச் சுற்றி அதை வேலியாக விதைப்பார்கள், முள்ளுக்குப் பயந்து மாடு வாய் வைக்காது என்றாய். படத்தையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வியாபாரத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தாளின் அடியில் ஒரு வெள்ளைக்காரர் பேர்தான் இருந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு அவனுது. வரஞ்சது நம்மாளு. முள்ளு எலையோட எப்படி ஒட்டி நிக்குது பாரு. இது குத்துப்பட்டவன் வரஞ்சதுடி."

அன்றைக்குத்தான் அந்தச் செடியின் சங்கதி முழுவதையும் சொன்னாய். தளிரைக் கீரையாகக் கடையலாம். விதையை ஆட்டினால் எண்ணெய். பூவை ஊறவைத்தால் முதலில் மஞ்சள் இறங்கும், அதைக் கொட்டிவிட்டுச் சாம்பல் தண்ணீர் விட்டுக் கசக்கினால் சிவப்பு வரும், முன்காலத்தில் துணிக்குச் சாயம் அதுதான். காய்ந்த பூ பார்வைக்குக் குங்குமப்பூ மாதிரியே இருக்கும். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நாளு தள்ளிப்போனா இந்தப் பூவத்தான் எங்கம்மா கசாயம் வெச்சுத் தரும். மாசமா இருக்கறவ கிட்டக்கவே கொண்டுபோகக் கூடாதுங்கும்" என்றாய். யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. நீ சொன்னது, என் காதில்.

என் மகள் கௌசல்யா முழுகாமல் இருந்த வருஷம், மிளகு பறிப்பும் சேர்ந்துகொள்ள, நான் கடைப்பக்கமே வரவில்லை. கடையை உன் கையில் விட்டிருந்தேன். வருகிற டூரிஸ்ட் எல்லாம் குங்குமப்பூ கேட்கிறார்கள், சேலத்து வியாபாரியிடம் வாங்கி விற்கிறேன், நன்றாகப் போகிறது என்று போனில் சொன்னாய். சந்தோஷப்பட்டேன். உன் பேச்சை நான் என்றைக்கும் உரசிப் பார்த்தவள் இல்லை.

வளைகாப்புக்கு நீ பட்டுச் சேலையில் வந்தாய். கௌசல்யாவின் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டு, பளபளவென்று தாள் சுற்றிய பொட்டலத்தை அவள் கையில் வைத்தாய். "தெனமும் ஒரு சிட்டிகை பால்ல போட்டுக் குடி சாமி. கொழந்த செவச்செவன்னு பொறக்கும்." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில நாள் கழித்துச் சமையலறைக்குள் நுழைந்தபோது அவள் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். பூவைப் போட்ட மாத்திரத்தில் பால் மஞ்சளாகிவிட்டது. வாசனை என்று ஒன்றுமே இல்லை. பக்கத்தில் சுற்றுத்தாள் பிரித்த பொட்டலம். எழுத்தை நான் படிக்கவே இல்லை, படத்தைத்தான் பார்த்தேன். முள். குழல் போல ஒற்றைப் பூ, நுனியில் ஐந்து பிரிவு. உங்கள் அப்பா காட்டு வேலி என் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தது. டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினேன்.

"ஏம்மா? சின்னம்மா குடுத்ததுதானே?" என்றாள்.

உன்னை அவள் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். கார் பிடித்து அவளைக் கீழே கூட்டிப் போனேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டே இறங்கினேன். கொஞ்சமாகத்தான் உள்ளே போயிருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது, இனித் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஆனாலும் பிள்ளையைக் கையில் வாங்குகிறவரை எனக்கு உயிர் இல்லை. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கும்போதெல்லாம் உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

டாக்டரைப் பார்த்த மறுநாளே கடைக்கு வந்தேன். நீ மிளகு நிறுத்துக்கொண்டிருந்தாய்.

"அது என்ன பூடி?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பூதான்" என்றாய்.

"என்ற மவளுக்கு எதுக்குக் குடுத்தே?"

"வளகாப்புக்கு வந்தவிங்க பாதிப்பேரு நம்ம கடையில வாங்கினவிங்க புள்ள. உன்ற சிநேகிதி மவளுக்கு நீ குங்குமப்பூ குடுக்கலியான்னு கேட்டாங்க. குடுக்காட்டிச் சந்தேகம் வந்துராதா?"

"மாசமா இருக்கறவ தொடக் கூடாதுன்னு சொன்னவளே நீதானேடி?"

"அதான் படம் போட்டிருக்குதுல்ல. நீ பாத்தா எடுத்து வீசிருவேன்னு நெனச்சேன்."

அந்தப் பேச்சைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. என் கண்ணை நம்பி என் மகளுக்குக் கொடுத்திருக்கிறாய். அன்றைக்கு நான் சமையலறைக்குள் நுழையாமல் இருந்திருந்தால்? அவள் தன் புருஷன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால்? எங்கள் வீட்டிலாவது படம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். வாங்கிப் போன மற்ற பெண்களுக்கு யார் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்? தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கிப் பொட்டலத்தைத் திருப்பி வாங்கினேன். பஸ் ஏறிப் போனவர்களை எங்கே தேடுவது?

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். பொய் சொல்வது என்று ஆன பிறகு குங்குமப்பூவையே வரைந்திருக்கலாமே? நீ தலை நிமிர்ந்து, கொஞ்சம் கர்வத்தோடு, "அதை நான் கண்ணுல கண்டனா? பாக்காததை எனக்கு வரைய வராது" என்றாய். பொய் எழுத உன் கை கூசவில்லை, பொய்யாக வரையத்தான் கூசியது. எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். உங்கள் காட்டு வேலி அப்படி இல்லை, அது முள்ளை வெளியே காட்டிக்கொண்டு நின்றது. நீ சந்தனம் பூசினாய்.

அதன் பிறகு நீ மலை ஏறவில்லை. கண்டக்டரிடம் இரண்டொரு தடவை சொல்லி அனுப்பினாய். நான் பதில் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டபோதும் வரவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. நீ போன பிறகு கேதத்துக்கு வந்தேன். "கடைசி வரைக்கும் உங்களத்தானுங்க கேட்டுட்டு இருந்தா" என்றார் உன் வீட்டுக்காரர். "அப்படீங்களா" என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஹாஸ்டல் பாயில் பக்கத்தில் படுத்திருந்தவளுக்காக அழலாம் என்றால், அவள் முகத்திலும் நீதான் இருந்தாய். அந்த ஹாஸ்டல் காலத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

வீட்டுக்கு எடுத்துப் போன லேபிள் கட்டைப் பார்த்த கௌசல்யா, "தூக்கி அடுப்புல போடும்மா" என்றாள். அவள் மகன் வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் கத்திரியை எடுத்து ஒவ்வொன்றிலும் மேலே இருந்த எழுத்துப் பட்டையை மட்டும் வெட்டினேன். பட்டைகள் அடுப்புக்குப் போயின. படத்தை எரிக்க மனம் வரவில்லை. உனக்காக இல்லை, படம் பொய் சொல்லவில்லை. கடைக்குத் திரும்பியதும் ஒன்றை எடுத்து, இன்னமும் அங்கே மாட்டியிருக்கிற அந்தப் பழைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதில் வரைந்தவன் பேர் இல்லை, இதிலும் உன் பேர் இல்லை.

மத்தியானம் நாமக்கல் பஸ்ஸிலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கி வந்தாள். நிறைமாசம். "குங்குமப்பூ இருக்குங்களா?" என்றாள்.

"இல்லீங்க சாமி. வேற எங்கயாச்சும் வாங்கினாலும் ஒத்தப் பூவ எடுத்துத் தண்ணியில போட்டுப் பாரு. இந்தப் படத்துல இருக்கற மாதிரி நுனியில அஞ்சாப் பிரிஞ்சிருந்தா வாயில வெக்காத கண்ணு" என்று நீ வரைந்ததைக் காட்டினேன்.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். படத்தின் மேல் விரலை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். "நெசமாவே முள்ளு குத்தற மாதிரி இருக்குதுங்க. ஆருங்க வரஞ்சது? குத்துப்பட்டவிங்களா?"

"இல்ல சாமி," என்றேன். "குத்துனவ."