ட்ரம்பெட்காரனின் முன்பல்லும் முத்திரையிட்ட இயந்திரமும்

அனுப்புநர்:
திகோமிர் வெல்யோவிச்,
ட்ரம்பெட் வாசிப்பவர்,
ஸ்லாதினா கிராமம், தெற்கு செர்பியா.

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுகாதார ஆய்வாளர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: நோயாளியின் இரத்தத்தை எடுத்ததாகப் பல் மருத்துவர் ஸ்மில்யா பாவ்கோவிச் மீது வந்துள்ள புகாரைத் தள்ளுபடி செய்து, அவரது இயந்திரத்தின் முத்திரையை அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகாரில் ‘ஒரு நோயாளி’ என்று குறிப்பிடப்பட்டிருப்பவன் நான்தான். இதுவரை என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே நானே எழுதத் துணிந்தேன்.

1. கடந்த மே மாதம் என் கூம் புடிமிரின் மகள் திருமணத்தில் எங்கள் குழு வாசித்தது. என் திருமணத்துக்குச் சாட்சி நின்று எனக்குக் கூம் ஆனவர் அவர். எனக்கு உடன்பிறந்தவரிலும் மேல். மகள் கல்யாணப் பூரிப்பில், வழக்கம்போல் ட்ரம்பெட்டின் வாயில் பணத்தாளைச் செருக வந்தவர், கால் இடறிக் கருவியின் மேலேயே விழுந்தார். என் மேல்வரிசை முன்பல் வேரோடு பெயர்ந்து மேசை விரிப்பில் கிடந்தது. முன்பல் போன ட்ரம்பெட்காரனை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான், ஐயா?

2. புடிமிர் பதறிப்போய்ப் பல்லைத் தம் பிளம் சாராயத்தில் போட்டார். “என் சரக்கு செத்தவனையே எழுப்பி உக்கார வைக்கும், பல்லு எம்மாத்திரம்!” என்றார். பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் என் மனைவி மில்யானா, விழுந்த பல்லைப் பாலில் போட வேண்டும் என்று அங்கே டாக்டர் ஸ்மில்யா பிள்ளைகளுக்குச் சொன்னதைக் கேட்டிருந்தாள். “கூம், அதை உங்க வாயில ஊத்திக்கங்க, பல்லுல ஊத்தாதீங்க!” என்று கத்திப் பல்லைப் பிடுங்கிப் பாலில் போட்டாள்.

3. டாக்டர் ஸ்மில்யா ஞாயிறென்றும் பாராமல் கதவைத் திறந்தார். சாராயம் பட்ட வேர் பிடிப்பது சந்தேகம்தான் என்பதையும் ஒளிக்கவில்லை. “உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து இந்த மெஷின்ல சுத்தவிட்டா, புண்ணை ஆத்துற சத்து சவ்வு மாதிரி திரண்டு வரும். அதைக் குழியில வெச்சுப் பல்லை நட்டுப் பாப்போம். சத்தியம் பண்ண மாட்டேன். சம்மதமா?” என்று கேட்டார். தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினேன். சொன்னபடியே செய்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார்.

4. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த புடிமிருக்குத் தலை சுற்றிவிட்டது. “ஒரு பல்லுக்கு இவ்ளோ ரத்தமா? அந்தம்மா உன்னை உறிஞ்சிட்டாங்கடா, திகோ!” என்று ஊரெல்லாம் புலம்பியவர், என் மேலுள்ள பாசத்தில் தங்களுக்கும் எழுதிவிட்டார். அதன்பேரில் தங்கள் அலுவலகத்தார் வந்து, இரத்தம் சுற்றும் அந்த இயந்திரத்துக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். அந்தப் பாசம் முதலில் என் பல்லை உதிர்த்தது. இப்போது டாக்டரின் பிழைப்பில் கை வைக்கிறது. கூமைப் பகைத்தவன் உருப்படமாட்டான் என்பது தாங்கள் அறியாததல்ல. எனவே அவர் மீது எனக்குக் கோபமில்லை, கொஞ்சம்தான் இருக்கிறது.

5. பல் பிடித்துக்கொண்டது, ஐயா. ஆகஸ்டில் பயந்து பயந்து ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தேன். முதல் சுரம் வந்ததும் மில்யானா அடுப்படியில் நின்று அழுதாள். நானும் அழுதேன். டாக்டருக்கு நான் பட்ட கடனை எந்தச் சொல்லால் தீர்ப்பேன்? அவருடைய உரிமத்தை ரத்து செய்ய வரும் வியாழனன்று விசாரணை என்று கேள்விப்பட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, டாக்டரின் உரிமத்தில் கை வைக்காமல், முத்திரையை அகற்றி அருளுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு நானும் வருகிறேன். என் வாயைத் திறந்து தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அவர் எடுத்தது என் இரத்தம். நான் சம்மதித்துக் கொடுத்தது. அதை என் வாயிலேயே திரும்ப வைத்துவிட்டார். உடையவனிடமே பொருள் வந்து சேர்ந்த பின் களவு எங்கே, ஐயா?

நன்றி மறவாத,
திகோமிர் வெல்யோவிச்
(ஒப்பம்)

இடம்: ஸ்லாதினா
நாள்: 07.10.2024